தட்டில் வைக்காத கை

தாம்பூலத் தட்டில் ஒன்பது பொருள்கள் இருந்தன. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், வாழைப்பழம், மல்லிகைச் சரம், புடவை, நாளும் நேரமும் எழுதி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். தேங்காய் இரண்டு என்பதால் பத்து என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இரட்டைப் படையாகிவிடும், என் தங்கை சரோஜா கவலைப்படுவாள். அதனால் ஒன்பது.

நல்லம்பள்ளியில் அவள் வீட்டுக் கூடம். காலை பத்தரை மணி இருக்கும். அதியமான்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நாங்கள் ஏழு பேர். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டியது. மல்லிகை வாசனையும் கேசரி நெய்யும் சேர்ந்து எனக்குத் தலையை வலித்தது.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது பெண்ணின் தாய்மாமன் அதில் கை வைக்க வேண்டும். அவர் வைக்கும்வரை தட்டு தரையை விட்டு எழாது. மாப்பிள்ளையின் பெரியப்பா தம் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மாமன் கை வைங்க,” என்றார்.

என் கைகள் இரண்டும் முழங்கால்களின் மேல் இருந்தன. அங்கேயே இருந்தன.

புதிதாகப் படிப்பவர்களுக்கு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வயது எழுபத்தொன்று. புள்ளியியல் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணமாகாதவன். சரோஜா வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு காலடி தள்ளி, தனி வீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் கேழ்வரகு அறுவடைச் சோதனையைப் பற்றி எழுதியதில், சோதனைப் பாத்தியின் பக்கம் ஐந்து மீட்டர் என்பது ஆறு மீட்டர் என்று அச்சாகிவிட்டது. நான்கு கடிதங்கள் வந்தன. நான்கு பேர் சொன்னதும் சரி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த வாரம் எண்களைத் தயவுசெய்து இருமுறை சரிபார்க்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரக் கதையில் பாதி என்னுடையது, பாதி சுடருடையது. எழுதலாமா என்று ஆறு வாரம் யோசித்தேன். சுடர் படித்து, மூன்று இடங்களில் திருத்தி, “போடுங்க மாமா” என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

சுடர் சரோஜாவின் ஒரே பிள்ளை. வயது இருபத்தொன்பது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்கிற வேலை. பெண் குழந்தை என்று பதிவாகி, சுடர்க்கொடி என்று நான் பெயர் வைத்த பிள்ளை. வளர்ந்த பிறகு கொடியை விட்டுவிட்டுச் சுடரை மட்டும் வைத்துக்கொண்டார். மருமகளை யாராவது அவர் இவர் என்று எழுதுவார்களா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லும்படி அவர் கேட்டார், சொல்கிறேன். முதல் பத்து நாள் வாய் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது.

உறை மாறிய படிவம்

சுடருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று பெங்களூரில் ஒரு மருத்துவர் நினைத்தார். பேசாத குழந்தைகளுக்கு வரும் ஏதோ நோய் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். நோயல்ல, வந்து போவதுமல்ல, மூளை பிறவியிலேயே வேறு விதமாக வேலை செய்வது என்று சுடர் விளக்கினார். அவரைச் சிறுவயதில் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அறுபத்திரண்டு கேள்விகள், அத்தனையும் ஆங்கிலத்தில். சரோஜா ஐந்தாவது வரை படித்தவள். படிவம் என்னிடம் வந்தது.

எங்கள் துறையில் புதுப் படிவம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு உடனே ஊருக்குள் போக மாட்டோம். முதலில் நம்மையே ஓர் ஆளாக வைத்து ஒன்றை நிரப்பிப் பார்ப்போம். எந்தக் கேள்வி குழப்புகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துவிடும். முன்சோதனை என்று பெயர். முப்பத்தைந்து வருடப் பழக்கம் ஓய்வு பெற்றதும் போய்விடுமா? தருமபுரிக்குப் போய் இன்னொரு நகல் எடுத்தேன். ஒன்றில் என்னைப் பற்றி எழுதினேன். நாற்பத்தேழு நிமிடம் ஆனது. மற்றொன்றில் சுடரைப் பற்றி எழுதினேன். ரகசியம் காக்க வேண்டும் என்று படிவத்தில் பெயர் கேட்கவில்லை. ஒன்றை உறையில் போட்டுப் பெங்களூருக்கு அனுப்பினேன்.

எட்டாம் நாள் சுடர் போன் செய்தார்.

“மாமா, மாவு மில் சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு நான் எப்ப மாமா காட்டு வழியா பள்ளிக்கோடம் போனேன்?”

“நீ போவல கண்ணு. நான் போனேன்.”

“சட்டைக் காலர் உறுத்துதுன்னு பிளேடால அறுத்தது?”

“அதும் நாந்தான்.”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

“டாக்டர் ரொம்ப ஆசைப்படறாரு மாமா. இந்தப் படிவத்துல இருக்கற ஆள உடனே பாக்கணுமாம்.”

உறைக்குள் தவறான தாளை வைத்திருக்கிறேன். பணியிலிருந்த காலம் முழுவதும் ஒருமுறைகூடச் செய்யாத தவறு. முதல் இரண்டு நாள் அதற்காக வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள்தான் தாளில் என்ன இருந்தது என்று யோசித்தேன்.

யாராவது திடீரென்று தொட்டால் எப்படி என்ற கேள்விக்கு, “பிடிக்காது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தொட்டால் பொறுத்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருந்தேன். எண்ணும் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் என்னை ஒரு மாதிரி ஆள் என்பார்கள். எந்த மாதிரி என்று யாரும் சொன்னதில்லை. எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். வருத்தப்படுவேன் என்று சுடர் பயந்தார். எனக்கு வருத்தமே வரவில்லை. சரியான பெட்டியில் சரியான தாளை வைத்த மாதிரி இருந்தது.

மாடியில் புளி

அடுத்த மாதம் சுடர் ஊருக்கு வந்தார். என் வீட்டு மொட்டை மாடியில் புளி காயப்போட்டிருந்தேன். அதன் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று விஷயங்கள் சொன்னார்.

ஒன்று, ஆட்டிசம். சரியான படிவத்தையும் பார்த்து, அவரிடம் நேரிலும் பேசி மருத்துவர் உறுதி சொல்லிவிட்டார். இரண்டு, தான் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சிறுவயதிலிருந்தே அப்படித்தான், சொல்லுக்குத்தான் இவ்வளவு நாள் ஆனது. மூன்றாவதைச் சொல்லும்போது புளியங்கொட்டை ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு ஆரு மேலயும் அந்த ஆச வந்ததில்ல மாமா. வெறுப்பும் இல்ல, விரதமும் இல்ல. ஆரும் என்ன ஏமாத்தல. அது எனக்குள்ள இல்ல, அவ்வளவுதான். ஏசெக்சுவல்னு சொல்றாங்க. ஒலகத்துல நெறயப் பேரு இருக்காங்க.” பிறகு கேட்டார். “உங்களுக்கு எப்பிடி மாமா?”

மூன்று கேள்வி. முதலாவதற்கு என் பதிலை உலகமே படித்துவிட்டது. இரண்டாவதைப் பதினொரு நாள் யோசித்து, நான் ஆண்தான், அதில் எனக்கு ஒருநாளும் உறுத்தல் இருந்ததில்லை என்று பிறகு போனில் சொன்னேன். நமக்கு உறுத்தவில்லை என்பதால் அடுத்தவருக்கும் உறுத்தாது என்று ஆகிவிடாது. காலர் விஷயத்தில் எனக்கு அது தெரியும்.

மூன்றாவதற்குப் பதில் சொல்லவில்லை. புளியைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன்.

எட்டாவது பெண்

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் ஒன்றை இழக்க வேண்டியிருந்தது.

சரோஜாவுக்குக் கல்யாணமானபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த நான்கு வருடத்தில் எனக்கு எட்டுப் பெண் பார்த்தார்கள். எட்டாவது வீட்டில் தப்பிக்க வழியே இல்லை. பெண் நல்ல பெண், குடும்பம் நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சரோஜாவுக்கு அப்போது குழந்தை இல்லை. சட்டென்று சொன்னேன், “எந் தங்கச்சிக்கு ஒரு கொழந்த பொறக்கட்டும், அப்பறம் எனக்குப் பாக்கலாம்.”

பொய். அந்த நிமிடத்தைத் தாண்டுவதற்காகச் சொன்னது. ஆனால் கூடத்தில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சுடர் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தங்கைக்காகத் தன் வாழ்க்கையை நிறுத்தி வைத்த அண்ணன் என்று எங்கள் சனம் முழுவதும் பேச்சாகிவிட்டது. பதினான்கு கல்யாணங்களில் முதல் மரியாதைத் துண்டு எனக்குத்தான் போர்த்தினார்கள். பதினான்கையும் நான் வாங்கிக்கொண்டேன்.

சரோஜா அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வயிறு திறக்காததால் அண்ணன் வாழ்க்கை போயிற்று என்று நம்பினாள். அன்றிலிருந்து தினமும் அவள் வீட்டிலிருந்து எனக்கு மதியச் சோறு வந்தது. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

பந்தலுக்குப் பின்னால்

இன்னொரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். சுடர் பதின்மூன்று வயதில் பெரிய மனுஷியானதாகச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டு, நான் கொண்டுபோனது. பம்பை அடித்தார்கள். ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டுப் போட்டார்கள். என் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

நடுவில் பிள்ளையைக் காணோம். பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், பட்டுப் புடவையோடு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் என் பஞ்சில் பாதியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பந்தலில் இருந்த சீரியல் பல்புகளை எண்ணினோம்.

“மாமா, இது வேற ஆருக்கோ நடக்கற மாதிரி இருக்குது,” என்றது பிள்ளை.

எனக்குப் புரியவில்லை. கையைப் பிடிக்காமல், பக்கத்தில் நடந்து, திரும்பக் கொண்டுபோய் மணையில் உட்கார வைத்துவிட்டேன். மாமனின் வேலை அது என்று நினைத்தேன்.

நான்கு நாள் முன்பு

சரோஜா அதியமான்கோட்டையில் இடம் பார்த்து நாளும் குறித்துவிட்டாள். நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்பு சுடர் அழைத்தார். மூன்று விஷயத்தையும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மாட்டேன் என்றதும் அழுதிருக்கிறாள். கடைசியில் என் பேச்சை எடுத்திருக்கிறாள். நீ பிறக்கணும் என்று உன் மாமன் ஒன்பது வருஷம் கல்யாணம் பண்ணாமல் காத்திருந்தார், அவருக்காக நீ இது ஒன்றைச் செய்யக் கூடாதா?

“அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மாமா,” என்றார் சுடர். “சரின்னு சொல்லிட்டேன்.”

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

நான்கு நாளும் இரத்த அழுத்தம் கூடியது. ஒரு கல்யாணம் நின்றால் சரோஜாவின் மானம் போகும். நடந்தால் சுடரின் வாழ்க்கை போகும், ஒன்றும் அறியாத ஒரு பையனின் வாழ்க்கையும் போகும். இரண்டுக்கும் அடியில் இருந்தது என் பொய். எப்படிக் கூட்டினாலும் விடை அதுவேதான் வந்தது.

கேசரிக்குப் பிறகு

“மாமன் கை வைங்க,” என்று பெரியப்பா இரண்டாம் முறை சொன்னார்.

“அண்ணா, என்னா யோசன? கை வெய்யி,” என்றாள் சரோஜா மெதுவாக.

எனக்கு நிறையப் பேர் முன்னால் பேச வராது. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“சரோஜா, உனக்குக் கொழந்த பொறக்கட்டும்னு நான் காத்திருக்கல. அன்னைக்கு அந்தப் பொண்ணு வூட்ல இருந்து தப்பிக்கறதுக்கு ஒரு பொய் சொன்னேன். எனக்குக் கல்யாணமே வேணாம். எப்பவுமே வேணாம்னுதான் இருந்துச்சு. ஆரு மேலயும் எனக்கு அந்த ஆச வந்ததே இல்ல. அது உங் குத்தம் இல்ல, இந்தப் பிள்ள குத்தமும் இல்ல. என்னக் காட்டிச் சுடர்கிட்ட சம்மதம் வாங்கியிருக்க. அது எம் பொய்ய வெச்சு வாங்குனது. அதுக்கு நான் கை வெக்க மாட்டேன்.”

பெரியப்பா தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

“இத்தன வருசம் கழிச்சு இதச் சொல்றதுக்கு இன்னைக்குத்தான் நல்ல நாளு பாத்தீங்களா?” என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. அவர் சுடர் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. உனக்குச் சம்மதமா, இல்லியா?”

சுடர் சுவரோரம் நின்றிருந்தார். வெட்டிய முடிக்கு மேல் சரோஜா எப்படியோ பூவைக் குத்தியிருந்தாள்.

“இல்லீங்க. உங்க பையன் மேல ஒண்ணும் இல்லீங்க. எனக்குக் கல்யாணம் வேணாம். முன்னாடியே சொல்லாதது தப்புதாங்க.”

மற்ற இரண்டு விஷயங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவை சுடருடையவை. சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் எழுந்தான். எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். நல்ல பையன். அவனுடைய அத்தை வாசலில் நின்று என்னிடம் சொன்னார், “கேசரி தின்ன வரைக்கும் பொறுத்தீங்களே, அது வரைக்கும் நல்லதுங்க.” சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கும்பிட்டேன்.

பதினொரு பேரும் போனார்கள். எனக்கு உள்ளே பெருமையாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. துறையில் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. அது நான் செய்த வேலைக்கு வந்தது. இது நான் இன்னார் என்பதற்கு வந்தது. எதிர்ச்சுவரில் சுடர் பூவை எடுத்துச் சன்னலில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து மூன்று விரல்களை உயர்த்தினார். மூன்றாவது கேள்விக்கு விடை வந்தது என்று அர்த்தம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று நாள்

சரோஜா என்னோடு இருபத்து மூன்று நாள் பேசவில்லை. மதியச் சோறும் வரவில்லை. நானே சமைத்தேன். இரண்டு முறை குக்கர் அடிப்பிடித்தது.

இருபத்து நான்காம் நாள் காலையில் வந்தாள். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்னு நெனச்சே எனக்குப் பாதி வயசு போச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணா?”

“எனக்கே அதுக்குப் பேரு தெரியல சரோஜா. தெரியாதத எப்பிடிச் சொல்றது? ஆனா பொய்யின்னு தெரியும். அதச் சொல்லியிருக்கலாம். சொல்லல. மரியாத புடிச்சிருந்துச்சு.”

அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்காவது புரிஞ்சிருக்கணும்,” என்றாள். “எட்டுப் பொண்ணு பாக்கறதுக்கும் நாந்தான் கூட வந்தேன். எட்டு வூட்லயும் நீ பொண்ணத் திரும்பிப் பாக்கல. கூரயப் பாத்து ஓட்ட எண்ணிக்கிட்டு இருந்த. ஒரு வூட்ல அவங்கப்பா, ஒழுவுதுங்களான்னு கேட்டாரு.”

எனக்கு அது நினைவில்லை. எத்தனை ஓடு என்று மட்டும் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

“எனக்கப்பறம் சுடர ஆரு பாப்பாங்க?” என்று கேட்டாள். அதுதான் அவளுடைய உண்மையான பயம். பெங்களூரில் சுடரோடு ஒரே வீட்டில் இரண்டு சிநேகிதர்கள் இருக்கிறார்கள், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் என்று சொன்னேன். அது முழு விடை ஆகாது என்று எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணியவர்களுக்கும் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடையாது. அதையும் சொன்னேன். அவள் உள்ளே போய், அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தருமபுரி பேருந்து நிலையம்

போன மாதம் சரோஜாவின் கண் பரிசோதனைக்காகச் சுடர் ரயிலில் வந்தார். தருமபுரியில் காட்டிவிட்டு மூவரும் ஊருக்குப் பேருந்து ஏறினோம். ஏறுமிடத்தில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் சுடரை மேலும் கீழும் பார்த்தார். வெட்டிய முடி, பேன்ட், முழுக்கைச் சட்டை.

“என்னா சரோஜா, உம் பொண்ணு இப்பிடி ஆயிடுச்சு? மறுபடியும் எடம் பாக்கறியா?”

நான் பயந்துவிட்டேன். சுடர் கைப்பையின் வாரைத் தடவ ஆரம்பித்தார்.

“பாக்கல,” என்றாள் சரோஜா. “எங்கண்ணன் கல்யாணம் வேணாம்னு இருந்தாரு, எழுவத்தொண்ணு ஆச்சு, நல்லாத்தான் இருக்காரு. எம் பிள்ளயும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் எங்கிட்ட உண்மையச் சொன்னவங்க. உம் மருமவ உங்கிட்ட அவ்வளவு சொல்லுதா?”

அந்தப் பெண்மணி முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேருந்தில் கூட்டம். சரோஜா முதலில் ஏறி, சன்னலோரமாக ஓர் ஒற்றை இருக்கையில் சுடரை உட்கார வைத்தாள். அடுத்த வரிசையில் இருவர் உட்காரும் இருக்கையில், சன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தாள். பருத்த ஆள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார வந்தார். சரோஜா குறுக்கே புகுந்து அந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள்.

ஆனால் முழுதாக உட்காரவில்லை. என்மேல் படாதபடி நடுவில் ஒரு சாண் விட்டுவிட்டு, பாதி உடம்பு வழியில் நீட்டிக்கொண்டிருக்க, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நடத்துநர் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். “எனக்கு இது போதும்,” என்றாள்.

நல்லம்பள்ளி வரும்வரை, எத்தனை வளைவில் பேருந்து சாய்ந்தாலும், அந்த ஒரு சாண் குறையவில்லை.